தளத்தின் அழகும் அடியின் காப்பும்

வீடென்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. மழையும் வெயிலும் தாக்காவண்ணம் கூரை நம்மைக் காக்கின்றது. காற்றும் கள்வரும் புகாவண்ணம் சுவர் காக்கின்றது. ஆயினும், வைகறையில் பாயைச் சுருட்டி எழுந்தது முதல் இரவில் மீண்டும் பாய் விரிக்குமளவும் நம் உடலோடு ஓயாது தொடர்புற்று நிற்பது தளமேயாம். அதன்மேல் நடக்கின்றோம், அமர்ந்து உண்கின்றோம், குழந்தைகளைத் தவழவிடுகின்றோம், முதியோர் சுவரைப் பற்றி மெல்ல நடப்பதும் அதன்மேலேதான். இங்ஙனம் இன்றியமையாததாகிய தளத்தைத் தெரிந்தெடுக்கும்போது நம்மவர் பெரும்பாலும் கண்ணை மட்டுமே துணையாகக் கொள்கின்றனர். காலைக் கேட்பார் அரியர். கண்ணுக்கு இனியதாய்த் தோன்றிக் காலுக்குப் பகையாய் முடிந்த தளங்கள் நம் ஊர்களிற் பல. ஆதலின், அழகையும் காப்பையும் ஒருங்கே பேணித் தளத்தைத் தெரியும் வகை யாதென்பதை யாம் கற்றறிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'ஓடு' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. ஆயின் அது கூரைக்கே உரியதாய் நிலைத்துவிட்டமையின், தளத்திற் பாவுவதனை யாவரும் 'டைல்' என்றும் 'டைல்ஸ்' என்றும் வழங்குகின்றனர். கொத்தனாரும் கடைக்காரரும் வீட்டுக்காரரும் ஒருங்கே அறிந்த அச்சொல்லையே யாமும் இக்கட்டுரையில் ஆளுவோம்.

எம் கண்முன் உள்ள ஊர் அஸ்தினாபுரம். தாம்பரத்திற்கு வடக்கே, குரோம்பேட்டைக்குக் கிழக்கே அமைந்தது அது. 1912-ஆம் ஆண்டில் ஏற்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை தன் பெயரைப் பெற்றதென்பர். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அஸ்தினாபுரமும் அதன் எல்லைக்குள் வந்தது. தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதை இங்கே தெருத்தோறும் காணலாம். எனவே டைல் தெரியும் பொறுப்பும் ஆண்டுதோறும் பல குடும்பங்களின்மேல் விழுகின்றது. இவ்வூரின் இயல்புகள் மூன்று தளத்தோடு தொடர்புடையன. ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தமையை எவரும் மறவார். இரண்டு, ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து கிட்டும் உப்பு மிகுந்த கடினநீர். மூன்று, தமிழ்மக்கள் யாவர்க்கும் பொதுவாகிய வழக்கம். செருப்பை வாயிலிற் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீட்டினுள் நடத்தல். இம்மூன்றையும் நினையாது பிறநாட்டுப் படங்களைப் பார்த்துத் தளம் தெரிதல் பொருந்தாது.

நம் முன்னோர் சாணம் மெழுகிய மண்தளத்தில் வாழ்ந்தனர். வசதியுடையோர் செங்கல் பாவிச் சுண்ணாம்பு பூசினர். பின்னர்க் கடப்பைக்கல்லும், சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டுத் தளமும், மொசைக்கும் வந்தன. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் இன்றும் கைவினையாளர் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துப் பூந்தளங்களைச் செய்கின்றனர். அவை தீயிற் சுடப்படுவன அல்ல. சுட்ட மண்ணால் இயன்ற டைலின் வரலாறு வேறு. 1840-இல் ரிச்சர்டு பிராசர் என்னும் ஆங்கிலேயர், உலர்ந்த களிமண் தூளை அச்சிலிட்டு அழுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று நாம் வாங்கும் டைல்களிற் பெரும்பாலானவை அம்முறையின் வழித்தோன்றல்களே. தென்னாட்டில் பாசெல் மிஷன் சங்கத்தார் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியமை சுட்ட ஓட்டுத் தொழிலுக்கு ஒரு திருப்பமாயிற்று. இக்காலத்தில் இந்தியாவில் விற்கும் தள டைல்களிற் பெரும்பகுதி குஜராத்திலுள்ள மோர்பி என்னும் ஊரிலிருந்து வருகின்றது.

இனி, டைலின் உள்ளியல்பை அறிதல் வேண்டும். களிமண், பெல்ஸ்பார், படிகமணல் ஆகியவற்றை அரைத்து, உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் அச்சிட்டு, உலையிற் சுடுகின்றனர். வெப்பம் ஏறஏறப் பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி மண்துகள்களின் இடைவெளிகளை நிரப்பும். வெப்பம் குறைந்தால் நுண்துளைகள் எஞ்சும். ஏறத்தாழ 1,200 பாகை வரை சென்றால் துளைகள் பெரும்பாலும் அடைபடும். முன்னதைக் கடைகளில் 'செராமிக்' என்பர். பின்னதை 'விட்ரிஃபைடு' என்பர். இரண்டும் ஓரினத்தனவே, வேறுபாடு நீர் உறிஞ்சும் அளவில் உள்ளது. அழுத்திச் செய்த டைல்களுக்கு இந்தியத் தரக்குழு ஐ.எஸ். 15622 என்னும் தரநூலை வகுத்துள்ளது. பன்னாட்டு வழக்கின்படி, தன் எடையில் நூற்றுக்கு 0.5 பங்குக்கு மேல் நீர் உறிஞ்சாதது விட்ரிஃபைடு. 10 பங்குக்கு மேல் உறிஞ்சுவது சுவருக்கே உரியது. சுவர் டைல் மெல்லியது. பாரம் தாங்கும் வலி குறைந்தது. அதனை மலிவு கருதித் தளத்திற் பதிப்போர் சின்னாளில் அது கீறியும் உடைந்தும் போகக் காண்பர். டைலின் பின்புறத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு ஒருவாறு புலப்படும். விரைந்து உட்புகுந்தால் அது துளை மிக்கது, அசையாது நின்றால் செறிந்தது.

வலிமையும் செறிவும் ஒருபுறமிருக்க, வழுக்காமை என்பது முற்றிலும் வேறோர் இயல்பு. உயர்ந்த விலையுள்ள டைல் வழுக்காது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. கண்ணாடிபோல் மெருகிடப்பட்ட விலையுயர்ந்த டைலே நீர்பட்டால் மிகுதியும் வழுக்கும். காரணம் எளிது. உலர்ந்த தளத்தில் காலடியும் டைலும் நேரே தொடுகின்றன. உராய்வு காலைப் பற்றிநிறுத்துகின்றது. இடையே நீர்ப்படலம் புகுந்தால், காலடி தளத்தைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து செல்லும். டைலின் முகத்தில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தால், நீர் பள்ளங்களில் ஒதுங்க, மேடுகள் படலத்தைக் கிழித்துக் காலைத் தொடும். மெருகிட்ட முகத்திலோ அம்மேடுகள் இல்லை. நீருக்குப் பதில் சோப்பு நுரையோ எண்ணெயோ இருந்தால் படலம் மேலும் தடிப்பாகி இடர் பன்மடங்காகும். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் குடும்பத்தார் இதனை எளிதில் உணர்வர்.

இவ்வழுக்கலை அளத்தற்கு ஜெர்மானியர் வகுத்த முறை எங்கும் பரவியுள்ளது. டைல் பதித்த பலகையில் எண்ணெய் ஊற்றி, காப்புக்கயிறு பூண்ட ஒருவரைக் காலணியோடு அதன்மேல் முன்னும் பின்னும் நடக்கச் செய்து, பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பர். அவர் நிலைகொள்ள இயலாத கோணத்தைக் கொண்டு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் இடுவர். 6 முதல் 10 பாகை வரை தாங்குவது ஆர் 9. 19 பாகை வரை ஆர் 10. 27 பாகை வரை ஆர் 11. 35 பாகை வரை ஆர் 12. அதற்கு மேற்பட்டது ஆர் 13. ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது: ஆர் 9 என்பது இவ்வரிசையில் உச்சமன்று, அடிப்படியாம். 'இதற்கு ஆர் 9 சான்று உண்டு' என்று விற்பவர் பெருமிதத்தோடு சொல்லின், வாங்குவோர் மயங்குதல் கூடாது.

வெறுங்காலுக்கு மற்றொரு சோதனை உண்டு. சோப்பு நீர் ஓடும் பலகையில் வெறுங்காலோடு நடக்கச் செய்து, 12 பாகை தாங்கினால் 'ஏ', 18 தாங்கினால் 'பி', 24 தாங்கினால் 'சி' என வகுப்பர். வெறுங்காலோடு வாழும் நமக்கு இப்பின்னைய சோதனையே நெருங்கிய உறவுடையது. அமெரிக்க நாட்டுத் தரநூலோ, நீர்படும் உள்ளறைச் சமதளத்திற்கு இயக்க உராய்வெண் 0.42-க்குக் குறைதல் ஆகாது என்கின்றது. இவ்வெண்களுள் ஒன்றேனும் பெட்டியின்மீதோ தயாரிப்பாளரின் விவரப்பட்டியலிலோ உளதா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். அங்ஙனம் கேட்பது கடைக்காரரைப் புண்படுத்துவதாகாது. துணி வாங்குவோர் சாயம் போகுமா என்று கேட்பதனை ஒப்பதே இது.

எவ்வறைக்கு எது தகும் என்பதனை இனிக் காண்போம். கூடத்திற்கும் படுக்கையறைக்கும் மெருகில்லாத, 'மேட்' எனப்படும் மங்கல் முகமுள்ள டைல் போதும். சமையலறையில் நீரும் எண்ணெயும் சிந்துமாதலின் ஆர் 10 நன்று. குளியலறைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 உடன் வெறுங்கால் சோதனையில் 'பி' தரமும் இருத்தல் நலம். மழைச்சாரல் படும் தாழ்வாரம், வாயிற்படி, வண்டி ஏறும் சரிவு ஆகியவற்றிற்கு ஆர் 11-க்குக் குறையாதது வேண்டும். குளியலறைக்குச் சிறிய டைல்களே சிறந்தன. ஏனெனில், டைல்கள் சிறியனவாயின் இடைக்கோடுகள் மிகும்; அக்கோடுகள் காலுக்குப் பிடிப்பளிக்கும்; நீர்போகும் வாய்நோக்கிச் சரிவு அமைப்பதும் எளிதாகும். பெரிய டைலை நான்குபுறமும் சரிவாக வளைக்க எந்தக் கொத்தனாராலும் இயலாதன்றோ?

இத்துணை நுணுக்கம் வேண்டுமோ என்று வினவுவார் உளர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணித்து உரைத்தது. தற்செயலாய் நேரும் காயங்களால் விளையும் சாவுகளில் சாலை விபத்துக்களுக்கு அடுத்த இடம் இதற்கே. அவருள் மிகுதியானவர் அறுபது வயதைக் கடந்தோர். எம் தெருவில் மூதாட்டி ஒருவர், புதுமனை புகுந்த சின்னாட்களுக்குள் குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அறுவைச் சிகிச்சை நன்கே முடிந்தது. ஆயினும் அதற்கு முன் அதிகாலையில் எழுந்து, தாமே வாயில் தெளித்துக் கோலமிட்டு, பால் வாங்கிவந்த அவர், பின்பு மகளின் தோளைப் பற்றாமல் கட்டிலை விட்டு இறங்கத் துணிந்தாரல்லர். எலும்பு பொருந்திய பின்னும் அச்சம் பொருந்தாமல் நிற்கின்றது. அவர்தம் மக்கள் அன்பிற் குறைந்தவர் அல்லர். தாய்க்கு நல்ல வீடு அமைக்க வேண்டுமென்றே அப்பளபளப்பான டைலைத் தேடி வாங்கினர். அன்பு இருந்தது; அதற்குத் துணையாக வேண்டிய அறிவுரை கடையிலும் கிட்டவில்லை, பணியிடத்திலும் கிட்டவில்லை.

திருவள்ளுவர் கேள்வியின் சிறப்பை உணர்த்துங்கால், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்குநிலத்தில் உதவும் ஊன்றுகோலுக்கு உவமித்தார். வழுக்குநிலத்தின் இடரை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அவ்வுவமையே சான்று. அவர்காலத்து வழுக்குநிலம் மழை பெய்து சேறானது. நாமோ பொருள் கொடுத்து அதனை வீட்டினுள் வாங்கி வைக்கின்றோம்.

முதியோர் பொருட்டு இன்னும் இரண்டு செய்திகள். மெருகிட்ட தளத்தில் சன்னல் வெளிச்சம் விழுந்தால் அது நீர் தேங்கியதுபோல் தோன்றும். உண்மையாகவே நீர் தேங்கியபோதும் அங்ஙனமே தோன்றும். பார்வை மங்கியோர் இரண்டையும் வேறுபிரித்து அறியார். மேலும், படிக்கட்டு முழுவதும் ஒரே நிறமாயின் ஒரு படி எங்கே முடிகின்றது என்பது கண்ணுக்குப் புலனாகாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாறுபட்ட நிறத்தில் வரிபிடித்த டைல் பதித்தால் இக்குறை தீரும்.

அங்ஙனமாயின், வீடு முழுவதும் மிகச் சொரசொரப்பான டைலையே பதித்துவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. சொரசொரப்பு மிகமிக அழுக்குப் பிடிப்பும் மிகும். துடைப்போர் கை நோகும். பள்ளங்களிற் சோப்பும் உப்பும் படிந்து, நிழலுள்ள இடங்களில் பாசியும் பற்றும். பாசி பற்றிய சொரசொரப்புத் தளம் மெருகிட்ட தளத்தினும் கொடிது. தவழும் குழந்தையின் முழங்காலையும் அது உரசும். ஆதலின், நீர்படும் அளவுக்கேற்பச் சொரசொரப்பை வரையறுத்தலே முறை.

அழகைப் பற்றி இனிச் சில சொல்வோம். காப்பை நாடுவோர் அழகைத் துறக்க வேண்டியதில்லை. இக்காலத்து மங்கல்முக டைல்கள் மரம், கருங்கல், மணற்கல் ஆகியவற்றின் தோற்றத்தை நன்கு காட்டுகின்றன. இளநிறம் வெளிச்சத்தைப் பரப்பிச் சிற்றறையைப் பெரிதாக்கிக் காட்டும். ஆயின் தூய வெண்மையில் ஒவ்வொரு கால்தடமும், கருநிறத்தில் கடினநீரின் உப்புக்கறை ஒவ்வொன்றும் தெரியும். மணல்நிறமும் சாம்பல்நிறமும் இவ்வூருக்கு ஏற்ற நடுநிலை நிறங்கள். தேய்மானத்தையும் எண்ண வேண்டும். மேற்பூச்சுள்ள டைல்களுக்குத் தேய்மானத் தரம் 'பி.இ.ஐ.' என்னும் குறியோடு 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் காட்டப்படும். வீட்டிற்கு 3-உம், மிகுதியாக நடமாடும் வாயிலுக்கு 4-உம் தகும். வாயிலில் வந்து சேரும் மணலிற் படிகத்துகள் உண்டு. அது பெரும்பாலான பூச்சுக்களினும் கடியது. மெருகிட்ட முகத்தை முதலிற் கெடுப்பது அதுவே. வாயிலில் ஒரு மிதியடி இடுதல் அழகுக்கும் காப்பாகும்.

வாங்குங்கால் ஒரு சிறு கணக்குச் செய்தல் வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையின் பரப்பு 120 சதுர அடி. கடைகளில் 'இரண்டுக்கு இரண்டு' எனப்படும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர் பக்கமுள்ளது; அதன் பரப்பு 4 சதுர அடியன்று, ஏறத்தாழ 3.87 சதுர அடியே. எனவே வேண்டுவன 31 டைல்கள். வெட்டும்போதும் உடையும்போதும் வீணாவதற்காகப் பத்திலொரு பங்கு கூட்டினால் 34. பெட்டிக்கு நான்காயின் 9 பெட்டிகள். எஞ்சும் இரண்டைப் பிற்காலப் பழுதுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண்ணும் நிறக்குறியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்தல் மிக இன்றியமையாதது. ஒரே பெயருடையதாயினும் வேறுநாளிற் சுட்டது நிறத்திலும் அளவிலும் சிறிது மாறும். பதிக்கும் முன் நான்கைந்து டைல்களைத் தரையிற் பரப்பிப் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் நோக்குக. ஒன்றை நனைத்து, யாரையேனும் பற்றிக்கொண்டு, வெறுங்காலால் தேய்த்தும் பார்க்க. கடையின் ஒளிமிக்க விளக்குகள் காட்டாத உண்மையைக் கால் காட்டும்.

எத்துணை நல்ல டைலாயினும் பதித்தல் பிழைத்தால் பயனில்லை. துளையுள்ள செராமிக் டைலை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுப் பாலிற் பதிப்பது வழக்கம். அது பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைலோ நீரை உறிஞ்சாதாதலின் வெறுஞ்சிமெண்டு அதனை உறுதியாகப் பற்றாது. அதற்கென உள்ள ஒட்டுப்பசையே தக்கது. பதித்த மறுநாள் கட்டையால் மெல்லத் தட்டினால் சில இடங்களிற் குடத்தைத் தட்டினாற்போல் ஓசை எழும். அடியில் வெற்றிடம் உண்டென்பது அதன் பொருள். கனமான பொருள் விழின் அவ்விடமே முதலில் உடையும். டைலுக்கும் டைலுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடல் வேண்டும். இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தால், வெப்பத்தில் விரியும் டைல்கள் இடம் காணாது ஒருநாள் ஓசையோடு மேலெழும்பும். குளியலறைத் தளம் நீர்வாயை நோக்கி நூற்றுக்கு ஒன்றேனும் தாழ வேண்டும். அஃதாவது 6 அடி நீளத்திற்கு முக்கால் அங்குலம். ஒரு வாளி நீர் ஊற்றி, அது தேங்காது ஓடுகின்றதா என்று பார்த்த பின்னரே கொத்தனாருக்குக் கணக்கு முடித்தல் அறிவுடைமை.

பேணுதலும் ஒரு கலை. உப்புக்கறை கண்டு ஆசிட்டை ஊற்றுவோர் பலர். அது டைலின் இடையிலுள்ள சிமெண்டை அரித்து, நீர் கீழிறங்க வழிசெய்யும். குளியலறையில் நாள்தோறும் நீரை வழித்துத் தள்ளினால் உப்புப் படியவே இடமில்லை. துடைக்கும் நீரிற் சோப்பு மிகுந்தால், உலர்ந்தபின் எஞ்சும் படலம் அடுத்த ஈரத்தில் வழுக்கும். ஆதலின் இறுதியாக ஒருமுறை வெறும் நீரால் துடைத்தல் வேண்டும்.

முன்னரே வழுக்கும் தளத்தோடு வாழ்வோர் அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டுமென்பதில்லை. பின்புறம் உறிஞ்சிப் பற்றும் ரப்பர் விரிப்பு, குளியலறைச் சுவரிற் பதித்த உறுதியான கைப்பிடி, இரவில் அணையாத ஒரு சிறு விளக்கு ஆகிய மூன்றும் சிறுசெலவில் பெரும்பயன் தருவன. கைப்பிடியைச் செங்கற்சுவரில் ஆழப் பொருத்துக. டைலின்மேல் ஒட்டிய பிடி, பற்றும் நேரத்திற் கைவிடும்.

டைல் ஒருமுறை பதித்தால் இருபது முப்பது ஆண்டு நிற்கும். அதனை இன்று தெரிந்தெடுக்கும் இளைஞரே அக்காலம் கழிந்து முதியராய் அதன்மேல் நடப்பவர். இன்று நம் பெற்றோரின் அடிகளை எண்ணித் தளம் அமைப்போமாயின், நம் அடிகளுக்கும் அதுவே காப்பாம். எனவே, கடைக்குச் செல்லும் நண்பர்காள், வீட்டிலுள்ள முதியோரையும் உடனழைத்துச் செல்லுங்கள். அழகு நன்றென நும் கண் சொல்லட்டும், உறுதி நன்றென அவர்தம் கால் சொல்லட்டும். இரண்டும் ஒத்த இடத்திற் பணத்தைக் கொடுங்கள்.